பதினேழாம் எண் இதயம்

டாக்டர் லூசியஸ் கேட்ஸ்டனுக்கு நெஞ்சு வலிக்கவில்லை. மூன்று மாதமாக அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான், அதனால் நாமும் இங்கிருந்தே தொடங்கலாம். வலித்தது தாடை. ஞாயிற்றுக்கிழமை மவுண்ட் நெபோ கிறிஸ்தவ சபையின் பதினான்கு படிகளில் ஒன்பதாவது படிக்கு வந்ததும், இடது தாடையை யாரோ உள்ளிருந்து இறுக்கிப் பிடிப்பார்கள். உடனே அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார். ஒரு நிமிஷத்தில் பிடி தளர்ந்துவிடும். நிமிர்ந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு, எதிரே வருகிற மூதாட்டிகளுக்கெல்லாம் தொப்பியை எடுத்து வணக்கம் சொல்லியபடி மீதி ஐந்து படிகளையும் ஏறிவிடுவார். பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்வார். பல் டாக்டரையும் பார்க்க மாட்டார்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரத்தில் இதயத்தைப் படம் பிடித்துப் படிப்பதில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது. தாடை பிடித்தால் என்ன அர்த்தம் என்று மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவரே அவர்தான். ஊரில் வேறு யாராவது இப்படி ஒன்பதாவது படியில் நின்று லேஸ் கட்டியிருந்தால், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் மேசையில் படுக்க வைத்திருப்பார்.

அவர் பெயர் வாங்கியதே இந்த விஷயத்தில்தான். இருபது வருஷத்துக்கு முன்பு கறுப்பரான அவரும் விட் ரேவனெல் என்கிற வெள்ளைக்கார டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான இதயப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே வயது, ஒரே மாதிரி நெஞ்சு வலி, பாதிப் பேர் கறுப்பர், பாதிப் பேர் வெள்ளையர். வெள்ளையர்களின் இரத்தக் குழாய்களில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிகிற மாதிரி கால்சியம் கெட்டியாகப் படிந்திருந்தது. கறுப்பர்களிடம் அந்தக் கால்சியம் குறைவு. ஆனால் படத்தில் எளிதில் கண்ணில் படாத, மெத்தென்ற படிவு கூடுதல். சாதாரண ஸ்கேனோ கால்சியத்தை மட்டும் எண்ணி மதிப்பெண் போடும். அதனால் ஒரு கறுப்பருக்கு சைபர் வந்தால், அந்த சைபரை அப்படியே நம்பிவிட முடியாது. மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கணக்கு. தனி ஒரு ஆளின் படத்தைக் காட்டி இவர் கறுப்பர், இவர் வெள்ளையர் என்று சொன்னால் அது ஜோசியம்.

இதய நோய் விழிப்புணர்வு மாதமான பிப்ரவரி வந்தால் லூசியஸ் சபை சபையாகப் போய் இதையே பேசுவார். "சைபரைப் பாத்து சொக்கிப் போயிடாதீங்க!" என்று மேடையில் முழங்குவார். "ஆமென்!" என்று ஜனம் திருப்பி முழங்கும். "நம்ம தோல் நமக்கு ஒண்ணும் பண்ணலை. தோலைப் பாத்து உலகம் பண்ணினதுதான் எல்லாம். வேலை, சாப்பாடு, ராத்தூக்கம், நாம சொன்னதைக் காதுல வாங்காத டாக்டருங்க!" அப்போது அவர் குரல் கொஞ்சம் உடையும். அவருடைய அப்பா சைரஸ் கேட்ஸ்டன் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஐம்பத்து நாலு வயதில் விழுந்து செத்தார். முந்தின நாள் பார்த்த டாக்டர், வாயுத் தொந்தரவு என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருந்தார்.

பேச்சின் கடைசியில் ஒரு நாடகம் உண்டு. டாக்டரிடம் போகாமல் தப்பிக்க எங்கள் ஜனம் சொல்கிற ஐந்து சாக்குகளை அவர் நடித்தே காட்டுவார். "அது வெறும் வாயு." "பல்லுதான், வேறொண்ணுமில்ல." "நேத்து நண்டுக்கூண்டை இழுத்தேன், அதான்." "எனக்கென்ன, எங்கப்பாவை விட அதிக நாள் இருந்துட்டேன்." "திங்கட்கிழமை பாத்துக்கலாம்." ஐந்தாவதுக்குச் சபையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அப்புறம் எல்லோரும் கீழே கூடத்துக்கு இறங்கிப் போய் பொரித்த மீனும் தக்காளி போட்ட ரெட் ரைஸும் பாலாடைக்கட்டி மக்ரோனியும் சாப்பிடுவார்கள். டாக்டர் இரண்டாவது முறையும் தட்டை நீட்டுவார்.

அவருடைய சொந்த சைபர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கியது. ஏழு வருஷத்துக்கு முன்பு இலவச ஸ்கேன் முகாமில் அவரும் ரேவனெலும் வேடிக்கையாகப் படுத்தெழுந்தார்கள். ரேவனெலுக்கு அறுநூற்று நாற்பது. லூசியஸுக்கு சைபர். அந்தக் காகிதத்துக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, நண்டு வடிவக் காந்தத்தில் ஒட்டி வைத்தார். அன்றிலிருந்து ரேவனெலுக்கு அவர் வைத்த பெயர் 'சுண்ணாம்புக் காளவாய்'. பயந்துபோன ரேவனெல் மாத்திரை விழுங்க ஆரம்பித்து, உப்பு வேர்க்கடலையை விட்டு, தினமும் பாலத்தில் ஓடவும் ஆரம்பித்தார். சைபர்காரர் மேடையில் மட்டும் ஓடினார். ஊருக்கெல்லாம் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்பது அந்தப் படித்த மண்டையில் ஏறவேயில்லை. நாங்கள் எல்லாருமே இப்படித்தான். எங்களுக்கு மருந்து கசக்காது, அடுத்தவர் குடிக்கிற வரைக்கும்.

செப்டம்பரில் ஆஸ்பத்திரிக்குப் புது ஸ்கேன் மெஷின் வந்தது. முதல் வாரம் ஆஸ்பத்திரி ஆட்களே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்துக் காட்ட வேண்டும், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. இரத்தத்தில் சாயம் ஏற்றி எடுக்கிற முழுப் படம். லூசியஸ் சட்டையைக் கழற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

"என்னுதை யாரும் படிக்க வேணாம், வெர்னெல். எடுத்துட்டு அழிச்சிடு" என்றார் மேசையில் படுத்தபடி. "எனக்கு சைபர்னு ஊருக்கே தெரியும்."

"சரி டாக்டரே" என்றாள் வெர்னெல் பிங்க்னி.

வெர்னெல் இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஸ்கேன் எடுக்கிறவள். அவள் 'சரி' என்று சொன்னால் கேட்டுக்கொண்டேன் என்றுதான் அர்த்தம், ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. இது லூசியஸைத் தவிர அந்த மாடி முழுக்கத் தெரியும். அதோடு, அவள் மவுண்ட் நெபோ சபையின் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். அவளுக்குப் பக்கத்தில் நின்று பாடுவது லூசியஸின் மனைவி ஒடெஸா.

அந்த மாடியில் இரண்டு சட்டங்கள் உண்டு. இரண்டையும் எழுதியது லூசியஸ்தான். முதலாவது: ஒப்பிட்டுப் படிக்கிற படங்களில் பெயர், வயது, நிறம் எதுவும் இருக்கக்கூடாது, வெறும் எண் மட்டும். எடுத்த படம் எல்லாமே அந்த வரிசைக்கு வந்தாக வேண்டும். தோல் நிறம் தெரிந்துவிட்டால் கண் தான் எதிர்பார்ப்பதையே பார்க்கும் என்பது அவர் கட்சி. இரண்டாவது: ஆபத்தான படத்தை யார் படித்தாரோ அவரே, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் அந்த ஆளுக்குப் போன் செய்ய வேண்டும். ஆள் கிடைக்காவிட்டாலோ நம்ப மறுத்தாலோ வீட்டுக்குச் சொல்ல வேண்டும். சொன்ன நேரம், சொன்னவர், கேட்டவர், கடைசியாக 'நோயாளி சொன்னது' என்று பச்சை நிறப் பதிவேட்டில் நான்கு கட்டங்கள். முன்னொரு காலத்தில் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் படம் வெள்ளிக்கிழமை மாலை யாரும் படிக்காமல் தட்டில் கிடந்து, திங்கட்கிழமை படிக்கும்போது அவர் உயிரோடு இல்லை. அதற்கப்புறம் வந்த சட்டம் இது. இதில் லூசியஸ் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இரண்டு டாக்டர்களும் படிக்கும் அறையில் உட்கார்ந்தார்கள். வெர்னெல் பின்னால் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். வரிசையில் இருபது படங்கள். பதினேழாவது யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் வெர்னெலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரு விளையாட்டு உண்டு. இது கறுப்பரா வெள்ளையரா என்று இருவரும் ஊகம் சொல்வார்கள். மூன்றாவது ஆட்டக்காரராக ஒரு கால் டாலர் நாணயத்தைச் சுண்டி விடுவார்கள்: தலை விழுந்தால் கறுப்பர், பூ விழுந்தால் வெள்ளையர். பலகையில் அன்றைய நிலவரம்: ரேவனெல் இருநூற்றுப் பதினொன்று, லூசியஸ் இருநூற்று எட்டு, நாணயம் இருநூற்றுப் பதினாலு. இரண்டு பேராசிரியர்களையும் ஒரு சில்லறைக் காசு தோற்கடித்துக்கொண்டிருந்தது. ஒரு படத்தை வைத்து ஆளின் இனத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம் என்று லூசியஸ் மாணவர்களிடம் சொல்வார். ஆனாலும் ஊகிப்பதை மட்டும் விடமாட்டார்.

"பதினேழு" என்றாள் வெர்னெல்.

"கால்சியம் சைபர்!" லூசியஸ் கையைத் தட்டினார். "நம்ம சாதி ஆளு!"

"உனக்கு ஒரு தம்பி கிடைச்சுட்டான்" என்றார் ரேவனெல். "ஃப்ரிட்ஜ்ல இடம் இருக்கா?"

"காளவாய், வாயை மூடு." லூசியஸ் படத்தை மெல்லச் சுழற்றினார். முன்பக்கம் இறங்குகிற பெரிய குழாய் வந்ததும் அவர் கை நின்றது. "இரு, இரு. இது என்ன?"

சாம்பல் நிறத்தில் குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொண்டு ஒன்று மெத்தென்று படுத்திருந்தது. கால்சியம் ஒரு பொட்டு இல்லை. இரத்தம் போக விட்டிருந்த வழி நூலளவு. லூசியஸ் அளந்தார், மறுபடி அளந்தார்.

"எண்பது சதவீதம்" என்றார். அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "குழாய் ஆரம்பிக்கிற இடத்துலயே! யாருய்யா இந்த முட்டாள்? இதை வச்சுக்கிட்டு இவன் எப்படி நடமாடுறான்? ஒண்ணும் தெரியலைன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க. நாலு படி ஏறினா இவனுக்கு நெஞ்சோ தோளோ தாடையோ பிடிச்சிருக்கும்."

தாடை என்று சொன்னபோது அவர் கை தன்பாட்டில் தாடைக்குப் போனது. அங்கே ஒரு தடவு தடவிவிட்டு மவுஸுக்கே திரும்பிவிட்டது. அந்தப் படித்த மண்டையில் அப்போதும் ஏறவில்லை.

"ஒருவேளை சொல்லப் பயமா இருந்திருக்கும்" என்றாள் வெர்னெல்.

"பயமா? திமிரு! இந்த மாதிரி ஆளுங்களை எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவான். வீட்ல பொண்டாட்டிகிட்ட மறைச்சிருப்பான், திருட்டுப் பய. பாவம் அவ. ஒருநாள் பொட்டுனு விழுந்தா அவ கதி என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பானா?"

வெர்னெல் பதிவேட்டைத் திறந்து, குனிந்து, பேனாவைத் தேடினாள். பேனா அவள் கையிலேயே இருந்தது.

"உங்க ஆளு" என்றார் ரேவனெல். "சைபர், ஆனா மெத்துனு படிவு. நீயும் நானும் எழுதினது."

"கிடையவே கிடையாது. உங்க ஆளுதான்." லூசியஸ் நாற்காலியில் சாய்ந்தார். "இருபது வருஷமா நான் சபை சபையாக் கத்துறதைக் கேட்ட ஒரு கறுப்பன் இந்த ஊர்ல இப்படி இருக்க மாட்டான். அவ்ளோ மானங்கெட்டவன் எங்க ஆளுங்கள்ல இல்ல."

நாணயம் சுண்டப்பட்டது. கறுப்பர் என்று விழுந்தது.

"பேரை எடு, வெர்னெல். இப்பவே போன் பண்ணணும். இவன் சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்னு கடவுளை வேண்டிக்க."

வெர்னெல் பெயரை வாசிக்கவில்லை. பட்டியலைத் திருப்பி அவர் முன்னால் வைத்து, பதினேழாம் வரியில் விரலை வைத்தாள். ரேவனெலும் எட்டிப் பார்த்தார்.

லூசியஸ் முகத்தில் ஈயாடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். துடைத்த பிறகும் அதே பெயர்தான்.

"அழிக்கச் சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க."

"எண்ணு மாறியிருக்கும். புது மெஷின். இதெல்லாம் நடக்கும்."

"நடக்கலை டாக்டரே. மூணு தடவை சரிபாத்தேன்."

"எனக்கு வலியே இல்ல. சாப்பிட்டப்புறம் கொஞ்சம் வாயு, அவ்ளோதான்."

வெர்னெல் ஒரு விரலை மடக்கினாள்.

"தாடை இருக்கே, அது பல்லு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு ரொம்ப நாளா..."

இரண்டாவது விரல்.

"போன சனிக்கிழமை மச்சான் வீட்ல நண்டுக்கூண்டை வேற இழுத்தேன்." மூன்றாவது விரல் மடங்குவதை அவர் பார்த்துவிட்டார். பார்த்தும் வாய் நிற்கவில்லை. "எனக்கு அறுபத்தொண்ணு. எங்கப்பாவுக்கு ஐம்பத்தி நாலுதான். நான் அதைத் தாண்டி ஏழு வருஷம் ஆச்சு." நாலாவது விரல்.

ரேவனெல் இதற்குள் எழுந்து சுவரோரப் போனில் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி, "ஒரு மணி நேரத்துல உன்னை எடுத்துக்குறாங்க. குழாய்ல கம்பி வலை வச்சுடலாம். நான் கூட இருக்கேன்" என்றார். 'காளவாய்' என்று இத்தனை வருஷம் கேட்ட மனுஷர், பழி தீர்த்துக்கொள்ள ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் லூசியஸ் திரும்பி, திரையில் அந்த நூலளவு வழியை மறுபடி பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை சபையில எனக்குப் பேச்சு இருக்கு, விட். திங்கட்கிழமை பாத்துக்க..."

வெர்னெலின் கட்டைவிரலும் மடங்கியது. முஷ்டியாகிப் போன கையை அவள் அவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"போனைப் பண்ணுங்க" என்றாள்.

"யாருக்குப் பண்ணச் சொல்ற? நோயாளி இதோ உக்காந்திருக்கானே."

"நோயாளிதான் நம்பலையே. நம்பலைன்னா வீட்டுக்குச் சொல்லணும். நீங்க எழுதினது. நாற்காலியை விட்டு எந்திரிக்கிறதுக்கு முன்னாடி. அதுவும் நீங்க எழுதினது."

லூசியஸ் போனைப் பார்த்தார். இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ வீடுகளுக்கு இதே சேதியைச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு எண்ணைச் சுழற்ற இத்தனை நேரம் பிடித்ததில்லை. சாவதைவிட ஒடெஸாவிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆமாம், அறுபத்தொரு வயதில், இரண்டு பட்டங்களோடு.

மூன்றாவது மணியில் அவள் எடுத்தாள்.

பழகிப்போன பாடம்தான் வாயில் வந்தது. "வணக்கம். நான் டாக்டர் கேட்ஸ்டன் பேசுறேன். உங்க வீட்டுக்காரரோட இதயப் படத்தை இப்பத்தான் பாத்தேன்."



"சொல்லுங்க டாக்டர்" என்றாள் ஒடெஸா.

"முன்பக்கக் குழாய்ல அடைப்பு இருக்கு. எண்பது சதவீதம். இன்னிக்கே சரி பண்ணணும். பண்ணிடலாம். நீங்க..." அங்கே பாடம் தீர்ந்து போனது. "டெஸ், எனக்குத் தாடை வலிக்குது. மூணு மாசமா."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ சபைக்குப் போட்டுட்டு வர்ற அந்த பிரவுன் ஷூவுக்கு லேஸே கிடையாது, லூசியஸ்." அவள் குரல் நடுங்கியது. "மூணு மாசமா ஒன்பதாவது படியில குனிஞ்சு, இல்லாத லேஸைக் கட்டிட்டு இருக்க. பின்னாடி ஏறி வர்ற பாட்டுக்குழு மொத்தமும் பாத்துட்டு நிக்குது. நீ எந்திரிக்கிற வரைக்கும் நாங்க மூச்சு விடுறதில்ல."

லூசியஸ் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். அன்றும் அதே பிரவுன் ஷூதான். வழுக்கென்று மின்னியது, லேஸ் போட ஓட்டைகூட இல்லாத தோல்.

"ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா சிரிச்சே மழுப்பிடுவ. மேடையில எங்களைச் சிரிக்க வைக்கிற மாதிரி. நீயா வாயைத் திறப்பன்னு பாத்தேன். முந்தாநாளு முடியலை, வெர்னெல் மடியில விழுந்து அழுதுட்டேன்."

அவர் திரும்பி வெர்னெலைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"அந்த சைபர் இன்னும் ஃப்ரிட்ஜ்ல தொங்குது" என்றாள் ஒடெஸா. "இப்பவே கிழிச்சுப் போடட்டுமா?"

"வேணாம். நானே வந்து கிழிக்கிறேன்."

"வந்து கிழி. கேட்டியா? வந்து நீயே கிழி. இதோ கிளம்பிட்டேன்."

போனை வைத்தபோது ரேவனெல் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். வெர்னெல் பச்சைப் பதிவேட்டை நீட்டினாள். லூசியஸ் பேனாவை வாங்கினார். எண் பதினேழு. நேரம், நாலு ஐந்து. சொன்னவர், கேட்ஸ்டன். கேட்டவர், மனைவி. நாலாவது கட்டத்தில் அவர் கை நின்றது.

அந்தப் பக்கத்தில் மேலே வரிசையாக இருந்ததெல்லாம் அவர் கையெழுத்துதான். 'வாயு என்றார்.' 'வலி இல்லை என்றார்.' 'திங்கட்கிழமை வருவதாகச் சொன்னார்.' இவற்றிலிருந்து பொறுக்கித்தான் அவர் பிப்ரவரி நாடகத்தையே தயார் செய்திருந்தார். சபை சிரித்த சிரிப்பெல்லாம் இந்தக் கட்டங்களிலிருந்து வந்ததுதான். இவர்கள் என்ன சொல்ல முடியாமல் இதைச் சொன்னார்கள் என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

கடைசியில், கோணல்மாணலாக, 'பயமாக இருக்கிறது என்றார்' என்று எழுதிப் பதிவேட்டை மூடினார்.

வெர்னெல் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாள். நடந்தே வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. குனிந்து, லேஸில்லாத ஷூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, அதில் ஏறி உட்கார்ந்தார்.